மலையிறங்கும் லொறியும் அதன் சாரதியும்

தேயிலைத் தொழிலாளி என்றவுடன் எமது மனக்கண்முன் தோன்றுபவர், கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்து நிற்கும் பெண்மணியே. அது நியாயமானதுதான். ஆனால் அவர் பறித்த கொழுந்து மடுவத்தோடு நின்றுவிடுவதில்லை. அது ஸ்டோருக்குப் போக வேண்டும். அங்கே வாட்டி, அரைத்து, காயவைத்துத் தூளாக்கப்பட்ட பின்னர் கொழும்புக்குப் போக வேண்டும். நுவரெலியாவில் விளையும் லீக்ஸ், கரட், கோவா, பீற்றூட் ஆகியனவும் அவ்வாறே ஓர் இரவுக்குள் மலையிறங்கியாக வேண்டும். இவற்றைக் கொண்டுசெல்பவர் யார்?

பெரும்பாலும் அந்தக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகனே. தோட்டத்தில் பேர் பதிய விரும்பாத இளைஞனுக்கு எதிரே இருக்கும் வழிகள் மிகச் சில. கொழும்பில் ஒரு கடை வேலை, ஓர் ஆட்டோ, அல்லது லொறி. முதலில் உதவியாளனாக ஏறுகிறான். சில ஆண்டுகளில் அனுமதிப்பத்திரம் எடுத்துச் சாரதியாகிறான். எமது லயங்களில் இன்று வீட்டுக்கு வீடு இப்படி ஒருவரைக் காணலாம். ஆயினும் தொழிலாளர் கூட்டங்களிலோ பயிற்சி வகுப்புகளிலோ இவர்களை நாம் சந்திப்பதில்லை. நாம் கூடும் நேரத்தில் அவர்கள் வீதியில் இருக்கிறார்கள், அல்லது தூங்குகிறார்கள்.

சில மாதங்களுக்கு முன்னர், இவர்களுள் ஒருவரோடு தலவாக்கலையிலிருந்து கொழும்புவரை ஒரு தேயிலை லொறியில் பயணம் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக லொறி ஓட்டுபவர் அவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே அவரை இங்கே மூத்த சாரதி என்றே குறிப்பிடுகிறேன்.

மாட்டு வண்டியிலிருந்து லொறிவரை

மலையகத்துப் பெரும் பாதைகள் இங்கு வாழும் மக்களின் வசதிக்காக வெட்டப்பட்டவை அல்ல. முதலில் இராணுவத்துக்காகவும் பின்னர் கோப்பிக்காகவும் வெட்டப்பட்டவை. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டிப் பாதை அமைக்கப்பட்டது. அதன் வழியே கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளில் துறைமுகத்துக்கு இறங்கின. வண்டிப் பயணம் நாட்கணக்கில் நீண்டது. மழைக்காலத்தில் மூட்டைகள் வழியிலேயே கெட்டுப்போயின. தோட்டத்துரைமார் புகையிரதப் பாதை கேட்டு நின்றமைக்கு இதுவே காரணம்.

1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹற்றனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் நீண்டு, 1924இல் பதுளையை அடைந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலைக்கு ஒரு குறுகிய பாதைப் புகையிரதமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடியது. வீதிப் போக்குவரத்தின் போட்டியைத் தாங்க முடியாமல் 1940களில் அது மூடப்பட்டது.

லொறி வென்றதற்குக் காரணம் எளிது. புகையிரதத்தில் அனுப்புவதாயின் தேயிலையை ஸ்டோரிலிருந்து நிலையத்துக்கு ஏற்றி, அங்கே இறக்கி, மீண்டும் பெட்டியில் ஏற்றி, கொழும்பில் மறுபடியும் இறக்கி ஏற்ற வேண்டும். லொறியோ ஸ்டோர் வாசலில் ஏற்றிய சுமையைத் தரகரின் களஞ்சிய வாசலிலேயே இறக்கிவிடும். இவ்வாறு சுமை தண்டவாளத்தை விட்டு வீதிக்கு வந்தது. அத்துடன் இன்னொன்றும் மாறியது. புகையிரதத்தை ஓட்டியவர் அரசாங்க ஊழியர். அவருக்கு மாதச் சம்பளமும், வேலை நேர ஒழுங்கும், ஓய்வூதியமும் இருந்தன. அதே சுமையை இன்று கொண்டுசெல்லும் சாரதிகளுள் எத்தனை பேருக்கு இவை உண்டு?

தேயிலை ஏற்றும் முறை

நான் ஸ்டோருக்குப் போனபோது பிற்பகல் 4 மணி. முன்பெல்லாம் பலகைப் பெட்டிகளில் போன தேயிலை இப்பொழுது பல மடிப்புக் கடதாசிப் பைகளில் போகிறது. லொறியின் தளத்தை உதவியாளர் தம்பி கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். மூத்த சாரதி குனிந்து பலகையை முகர்ந்து பார்த்தார். எனக்கு வியப்பாக இருந்தது.

"தேயிலை எல்லா வாடையையும் இழுத்துக்கும் சாமி. போன நடையில கருவாடு ஏத்தியிருந்தா, இந்த நடையில தேயிலை கருவாடு மாதிரி மணக்கும்," என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மை. ஸ்டோரிலிருந்து வெளியேறும் தேயிலைத் தூளில் ஈரப்பதன் 3 சதவீதமளவே இருக்கும். காய்ந்த பஞ்சைப்போல் அது சுற்றியுள்ள ஈரத்தையும் வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். மண்ணெண்ணெய், உரம், கருவாடு ஏற்றிய லொறியைக் கழுவிக் காயவைக்காமல் தேயிலை ஏற்றக்கூடாது. தறப்பாளில் ஓர் ஊசித் துளை இருந்தாலும் வட்டவளை மழையில் ஒரு பை நனைந்துவிடும். வட்டவளையும் கினிகத்தேனையும் இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் அடங்கும் என்பதை வாசகர் அறிவர். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆகவே ஒரு பை நனைந்தால், எம் பெண்கள் பலருடைய ஒருநாள் உழைப்பு வீணாகிறது. அந்தப் பைக்குரிய பணம் பல இடங்களில் சாரதியின் கணக்கில் கழிக்கப்படுகிறது.

தேயிலை ஏன் குறித்த நாளில் போய்ச் சேர வேண்டும்? 1883ஆம் ஆண்டு முதல் கொழும்பில் தேயிலை ஏலம் நடைபெற்று வருகிறது. வாரந்தோறும் கூடும் இந்த ஏலம் 2020இல் கொரோனா முடக்கத்தின்போது கணினி வழிக்கு மாறியது. ஏலம் கணினிக்கு மாறினாலும் தேயிலை லொறியில்தான் போக வேண்டியிருக்கிறது. களஞ்சியத்துக்குப் பிந்திப் போகும் தேயிலை அடுத்த விற்பனைக்குத் தள்ளிப்போகும். ஆகையால் மழை, மண்சரிவு, பழுது எதுவாயினும் "எப்படியாவது கொண்டு போ" என்ற கட்டளை சாரதியின் தலையில் வந்து விழுகிறது.

இறங்குவதே கடினம்

நாங்கள் புறப்படும்போது இருட்டிவிட்டது. கொட்டகலை, ஹற்றன், ரொசல்லை, வட்டவளை, கடவளை, கினிகத்தேனை, கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று பாதை இறங்குகிறது. நுவரெலியாவிலிருந்து அவிசாவளை வரை ஏறத்தாழ 120 கிலோமீற்றர். அதில் நேரான துண்டுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

"ஏறுறதுக்கு என்ஜின் இருந்தாப் போதும் சாமி. எறங்குறதுக்குத்தான் டிரைவர் வேணும்," என்றார் மூத்த சாரதி.

இதைச் சிறிது விளங்கிக்கொள்வது நல்லது. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 10 தொன் எடையுள்ள ஒரு லொறி அங்கிருந்து கொழும்புக்கு இறங்கும்போது, அந்த உயரத்தில் அடங்கியிருந்த சக்தி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். கணக்கிட்டால் அது ஏறத்தாழ 500 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கக்கூடிய வெப்பமாகும். ஒரு பகுதி காற்றிலும் டயர்களிலும் கழியும். மிகுதியை என்ஜின் தாங்க வேண்டும், அல்லது பிரேக் தாங்க வேண்டும். காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் பிரேக் சூடேறி, கடைசியில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காமற் போகும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய சாரதிகள் சொல்லிக்கொடுக்கும் பாடம். சின்னக் கியரில் என்ஜினே லொறியைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் சின்னக் கியரில் இறங்கினால் நேரம் அதிகமாகும். நேரம் பிந்தினால் ஏச்சு விழும். டீசலை மிச்சம் பிடிப்பதற்காக இறக்கத்தில் கியரை விலக்கி விடுபவர்களும், என்ஜினையே நிறுத்திவிடுபவர்களும் இருக்கிறார்கள். என்ஜின் நின்றால் காற்றுப் பிரேக்குக்குக் காற்று நிரம்பாது. சில மிதிகளோடு பிரேக் தீர்ந்துவிடும். முதலாளி டீசலை அளந்து கொடுத்து, மிஞ்சுவது சாரதிக்கு என்று சொல்லும் இடங்களில் இந்த ஆபத்தான பழக்கம் வளர்கிறது. அங்கே தவறு சாரதியிடம் மட்டுந்தானா உள்ளது?

விபத்து நடந்த மறுநாள் பத்திரிகைகள் சாரதியின் கவனக்குறைவு என்று எழுதுகின்றன. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்கள் வந்த பஸ் ஒன்று வானுடனும் ஆட்டோவுடனும் மோதி 7 பேர் உயிரிழந்தனர். 2025 மே 11ஆம் திகதி இறம்பொடை கெரண்டி எல்ல பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவை பஸ்கள், இவை லொறிகள். ஆயினும் பாதையும் இறக்கமும் பனிமூட்டமும் ஒன்றே. தூக்கமில்லாத கண்களும் ஒன்றே.

மரக்கறி லொறியின் ஓட்டம்

தேயிலைக்கு ஓரிரு நாள் பொறுமை உண்டு. மரக்கறிக்கு அதுவும் இல்லை. நுவரெலியா, கந்தப்பளை, மீப்பிலிமானை, இராகலைப் பகுதிகளில் பகலில் பிடுங்கும் லீக்ஸும் கரட்டும் மாலையில் கழுவிக் கட்டப்பட்டு, விடியுமுன் பேலியகொடை மெனிங் சந்தையிலோ தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலோ இருக்க வேண்டும். புறக்கோட்டையில் இருந்த மெனிங் சந்தை பேலியகொடைக்கு மாறிவிட்டது. விடிந்தபின் போய்ச்சேரும் சுமைக்கு விலை இறங்கிவிடும். இறங்கிய விலையின் நட்டம் தோட்டக்காரரிடமிருந்து சாரதிவரை பங்கிடப்படும். சந்தை வியாபாரி அதில் அதிகம் ஏற்கமாட்டார்.

மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதால் அடியிலிருப்பவை நசுங்குகின்றன. பிளாஸ்டிக் கூடைகளில்தான் மரக்கறி கொண்டுசெல்ல வேண்டும் என்று 2011இல் அரசாங்கம் விதித்தபோது வியாபாரிகளும் விவசாயிகளும் கடுமையாக எதிர்த்தனர். கூடையில் ஏற்றினால் ஒரு நடைக்கு ஏற்றும் அளவு குறையும், வெறும் கூடையைத் திருப்பிக் கொண்டுவரவும் இடம் வேண்டும், அந்தச் செலவை யார் ஏற்பது என்பதே அவர்களது கேள்வி. விதி நல்ல நோக்கமுடையது. ஆனால் விதியை எழுதியவர்கள் லொறியின் பின்பலகையைத் திறந்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

மரக்கறி லொறிகளில் பல, சாரதிகளே லீசிங் முறையில் வாங்கியவை. வெளியிலிருந்து பார்ப்பவர் இவரை முதலாளி என்பர். உண்மையில் மாதத் தவணை கட்டுவதற்காகத் தொடர்ச்சியாக இரவுகளில் விழித்திருப்பவர் இவர். இரண்டு தவணை தவறினால் லொறி பறிபோய்விடும் என்ற பயத்தில், காய்ச்சலோடும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். மழையில் பாதை மூடப்பட்டாலும் தவணைத் திகதி மாறுவதில்லை.

அட்டையும் மொழியும்

கித்துல்கலையில் ஒரு தேநீர்க்கடையில் நிறுத்தினோம். பிளேன்டீயும் ரொட்டியும் வந்தன. பொலிஸார் ஒருவர் கடைக்கு வெளியே நின்றிருந்தார். மூத்த சாரதியின் கை தானாகவே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. அதைக் கண்டு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்தக் கை அப்படியே பழகிப்போச்சு சாமி," என்றார்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட எமது மக்கள், 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டனர். மிஞ்சியிருந்தோரின் பிரச்சினை 1988இலும் 2003இலும் நிறைவேற்றப்பட்ட சட்டங்களோடுதான் தீர்ந்தது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாதவருக்கு வீதி பாதுகாப்பான இடமல்ல. யுத்தக் காலத்தில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் தமிழ்ச் சாரதி இறங்க வேண்டும், அட்டையைக் காட்ட வேண்டும், எங்கே போகிறாய், யாருடைய சுமை என்ற கேள்விகளுக்குச் சிங்களத்தில் பதில் சொல்ல வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பு வீதிகளில் வாகனங்களை நிறுத்தித் தமிழரைத் தேடினார்கள் என்பதை அவருடைய தலைமுறை மறக்கவில்லை. அவருடைய மாமனும் ஒரு லொறிச் சாரதி. அந்த வாரத்தில் தம்மைக் காப்பாற்றியவர் தம்முடைய சிங்கள உதவியாளரே என்று மாமன் சாகும்வரை சொல்வாராம். லொறிச் சாரதிகளிடையே தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற வேற்றுமையைக் கடந்த ஒரு தோழமை இருப்பதை நானும் அன்றிரவு கண்டேன். எதிரே வரும் லொறி இருமுறை விளக்கை அணைத்து எரித்தால், முன்னால் மண் சரிந்திருக்கிறது அல்லது பொலிஸார் நிற்கிறார்கள் என்று பொருள். விளக்கைக் காட்டியவர் எந்த இனத்தவர் என்று யாரும் கேட்பதில்லை.

மொழிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. தமிழும் அரச கரும மொழியென்று 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் கூறுகிறது. ஆனால் வீதியில் கிடைக்கும் தண்டப்பணச் சீட்டில் கையால் எழுதப்படுவது பெரும்பாலும் சிங்களமே. என்ன குற்றத்துக்காகத் தண்டம் என்று தெரியாமலே கட்டிவிட்டு வருபவர்கள் பலர். தண்டத்தைத் தபாலகத்தில் 14 நாட்களுக்குள் செலுத்தி, அனுமதிப்பத்திரத்தை உரிய பொலிஸ் நிலையத்தில் பெற்றுக்கொள்வதே நெடுங்கால வழக்கம். அவிசாவளையில் அகப்பட்ட தலவாக்கலைச் சாரதி, ஓர் அட்டைக்காக ஒருநாள் சம்பளத்தை இழந்து மீண்டும் அங்கே போக வேண்டும். 2025 முதல் கையடக்கத் தொலைபேசி வழியாகத் தண்டம் செலுத்தும் முறை படிப்படியாகத் தொடங்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது.

வரிசையும் வெள்ளமும்

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டோம். அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல், ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவானது. அந்த விலைக்கும் டீசல் கிடைக்கவில்லை. நிரப்பு நிலையங்களின் முன்னே லொறிகள் நாட்கணக்கில் நின்றன. சாரதிகள் லொறியின் கீழே பாய் விரித்துப் படுத்தனர். அந்த ஜூன் மாதத்தில் அங்குருவாத்தோட்டையில் ஐந்து நாட்கள் வரிசையில் காத்திருந்த 63 வயதுடைய லொறிச் சாரதி ஒருவர், தமது வாகனத்துக்குள்ளேயே இறந்து கிடந்தார். வரிசையில் நின்ற நாட்களுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. ஏனெனில் நடைக்கூலி பெறுபவருக்கு லொறி ஓடினால்தான் கூலி.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் மலையகத்தைச் சின்னாபின்னமாக்கியது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீதிகள் மண்சரிவால் துண்டிக்கப்பட்டன, மலையகப் புகையிரதப் பாதையும் சிதைந்தது. பாதை இல்லையேல் மலையகத்துக்கு அரிசியும் இல்லை, மாவும் இல்லை என்பதை அந்நாட்களில் எல்லோரும் உணர்ந்தோம். பாதை பகுதி பகுதியாகத் திறந்தபோது முதலில் சுமையோடு ஏறியவர்கள் இந்தச் சாரதிகளே. பக்கத்து மண் இன்னும் ஈரமாக இருந்தது. அதற்கென்று தனிக் கொடுப்பனவு எதுவும் அவர்களுக்குக் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஒரு சீ.ஆர். கொப்பியின் கதை

தேநீர்க்கடையில்தான் மூத்த சாரதி தமது கதையைச் சொன்னார். அதன் ஒரு பகுதி எனக்கு முன்னரே தெரியும். ஏனெனில் அதற்குரிய விண்ணப்பத்தை எழுத நான் உதவியிருந்தேன்.

அவர் முன்னர் வேறொரு முதலாளியின் லொறியை ஓட்டினார். மாதச் சம்பளம் இல்லை, நடைக்கூலிதான். ஒரு நடைக்கு ஒரு தொகை. அதிலிருந்துதான் உதவியாளருக்கும் கொடுக்க வேண்டும், வழிச் சாப்பாட்டுக்கும் செலவழிக்க வேண்டும். கொழும்பில் சுமை இறக்கும் நாட்டாமைமாருக்குக் கொடுக்கும் சில்லறையும் அதிலேதான். ஊழியர் சேமலாப நிதி இல்லை. நியமனக் கடிதமும் இல்லை.

ஒருநாள் மழையில் ஏற்றத்தில் லொறி நின்றுவிட்டது. இப்படியான வேளையில் உதவியாளர் குதித்திறங்கிப் பின்சில்லுக்குக் கட்டை போடுவது வழக்கம். அன்று கட்டை வழுக்கியது. லொறி ஓரடி பின்னால் உருண்டது. உதவியாளராக இருந்த 22 வயது இளைஞருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே துண்டிக்கப்பட வேண்டியதாயிற்று.

முதலாளி முதல் இரண்டு கிழமை வைத்தியசாலைக்கு வந்தார், ஏதோ பணமும் கொடுத்தார். பின்னர், "அந்தப் பொடியன் என்னுடைய ஆள் இல்லை. டிரைவர் கூட்டிவந்த ஆள். டிரைவர்தானே கூலி கொடுத்தார்?" என்று சொல்லிவிட்டார். கூலி சாரதியின் கையால் போனது உண்மை. அதுவே முதலாளிக்கு வாய்ப்பாகிவிட்டது.

இளைஞரின் தாய் என்னிடம் வந்தபோது, அவரிடம் ஒரு கடதாசித் துண்டுகூட இல்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டுமென்று வற்புறுத்துவதில்லை. வாய்ப்பேச்சாலான ஒப்பந்தமும் ஒப்பந்தமே. ஆனால் அவர் அந்த லொறியில், அந்த முதலாளிக்காக வேலை செய்தார் என்று யார் சொல்வது? சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் அந்த லொறியையே நம்பி வாழ்பவர். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

நான் அவரைக் கேட்கவில்லை. கேட்பதற்குத் துணிவு வரவில்லை என்பதே உண்மை. மூன்றாம் நாள் அவரே வந்தார். ஒரு பையில் ஏழு சீ.ஆர். கொப்பிகள். பதினொரு ஆண்டுகளாக ஒவ்வொரு நடையையும் அவர் எழுதி வைத்திருந்தார். திகதி, ஏற்றிய இடம், பைகளின் எண்ணிக்கை, புறப்பட்ட நேரம், உதவியாளரின் பெயர், முதலாளி கொடுத்த தொகை, அதில் உதவியாளருக்கென்று முதலாளியே சொன்ன பங்கு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவரின் கையெழுத்து. கணக்கில் சண்டை வந்தால் காட்டுவதற்காக எழுதத் தொடங்கினாராம்.

"அந்தத் தம்பி அண்ணே அண்ணேன்னு கூடவே இருந்தான் சாமி. நான் பிரேக்க விட்டதாலதான் உருண்டுச்சுன்னு அவன் ஒரு நாளும் சொல்லல. நான் எப்படிப் பேசாம இருக்குறது?" என்றார்.

கொப்பிகளின் பிரதிகளோடு விண்ணப்பம் போனது. அந்த வாரமே அவரிடமிருந்து லொறிச் சாவி வாங்கப்பட்டது. ஐந்து மாதங்கள் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. சாட்சி சொன்ன சாரதி என்ற பேச்சு ஊரில் பரவிவிட்டது. மகளின் கல்யாணம் தள்ளிப்போனது. பின்னர் இப்போதைய லொறி கிடைத்தது. இங்கே மாதச் சம்பளம், சேமலாப நிதியும் உண்டு. விசாரணை பல தவணைகளின் பின், முதலாளி ஒரு தொகையைக் கட்ட இணங்கியதோடு முடிந்தது. இளைஞர் செயற்கைக் கால் பொருத்தி, இப்போது சந்தியில் தொலைபேசி மீள்நிரப்பும் சிறு கடை வைத்திருக்கிறார். கிடைத்த தொகை ஒரு காலுக்கு ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது. ஆனால் அந்தக் கொப்பிகள் இல்லாதிருந்தால் அதுவும் இல்லை.

என்ன செய்யலாம்?

பெரிய தீர்வுகள் அரசாங்கத்திடமும் கம்பனிகளிடமும் கேட்கப்பட வேண்டியவை. நீண்ட இறக்கங்களில் லொறிகள் ஒதுங்கிப் பிரேக்கை ஆறவிடும் இடங்கள், சந்தைகளிலும் களஞ்சியங்களிலும் சாரதிகள் படுத்துறங்கக்கூடிய ஓர் அறை, குளிக்க ஒரு குழாய், தமிழிலும் எழுதப்பட்ட தண்டச் சீட்டு ஆகியன எட்டாத கோரிக்கைகள் அல்ல. அவை கிடைக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நாமே செய்யக்கூடியவை உண்டு.

முதலாவது, எழுதி வைத்தல். ஒவ்வொரு சாரதியும் உதவியாளரும் ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளை எழுதட்டும். பணம் கொடுத்தவர் யார் என்பதை மறக்காமல் எழுத வேண்டும்.

இரண்டாவது, சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதமும், முதலாளியின் பங்காக 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்தப்பட வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலாளி மேலும் 3 சதவீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் செலுத்த வேண்டும். தற்காலிக ஊழியருக்கும் துண்டுவேலை செய்பவருக்கும் இது பொருந்தும். நடைக்கூலிக்காரருக்கு இல்லை என்று சொல்பவரை நம்பிவிடாதீர்கள். தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

மூன்றாவது, விபத்து நேர்ந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் வைத்தியசாலை அட்டைகளையும் பத்திரப்படுத்துங்கள். வெற்றுக் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். காலம் தாழ்த்தாமல் விண்ணப்பியுங்கள்.

நான்காவது, இளைஞரின் பயிற்சி. எமது பகுதிகளில் கணினி வகுப்புகள், தையல் வகுப்புகள் நடத்துகிறோம். லொறி ஓட்டப் போகும் இளைஞனுக்கு இறக்கத்தில் கியர் பயன்படுத்தும் முறை, முதலுதவி, சிங்களத்தில் எழுத வாசிக்கப் பழக்கம், சட்ட அறிவு ஆகியவற்றை ஏன் கற்பிக்கக்கூடாது? கற்பிப்பதற்கு மூத்த சாரதியைப் போன்றவர்கள் எமது தோட்டங்களிலேயே இருக்கிறார்கள்.

அன்றிரவு 2 மணியளவில் களஞ்சியத்தை அடைந்தோம். வாயில் காலையில்தான் திறக்கும். வரிசையில் எமக்கு முன்னே ஒன்பது லொறிகள். தம்பி பின்னால் சுமைமேல் ஏறிப் படுத்துவிட்டார். மூத்த சாரதி உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆசனத்தின் கீழிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். திகதியை எழுதினார். பைகளின் எண்ணிக்கையை எழுதினார். உதவியாளர் பெயர் என்ற இடத்தில் தம்பியின் முழுப்பெயரையும், அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "சாமி பேரையும் போட்டுறவா? ஏதாச்சும் ஒண்ணு ஆனா நீங்களும் வந்தீங்கன்னு இருக்கட்டும்," என்றார்.

போடச் சொன்னேன்.

குழுக்களில் கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் தோட்டத்தில் அல்லது கிராமத்தில் லொறிச் சாரதிகளாகவும் உதவியாளர்களாகவும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களுள் எத்தனை பேருக்குச் சேமலாப நிதி உண்டு?

2. உங்கள் பகுதியில் நடந்த ஒரு வீதி விபத்தை நினைவுகூருங்கள். சாரதியின் தவறு என்பதற்கு அப்பால் வேறு என்ன காரணங்கள் இருந்தன?

3. உண்மையைச் சொன்னதற்காக வேலை இழந்த ஒருவருக்கு நமது சங்கமும் அயலவரும் எவ்வாறு துணை நிற்கலாம்?